யாழ்ப்பாணத்து உண்கலன்களை வகைபிரித்துப் பதிவுசெய்வது எப்படி

ஊர் வாசிகசாலைக்கோ பாடசாலைக் கண்காட்சிக்கோ பழைய வீட்டுச் சாமான்களைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் மண்வெட்டி, கலப்பை, துலா என்று வரும்போது தடுமாறுவதில்லை. சாப்பாட்டுச் சாமான்களுக்கு வரும்போதுதான் எழுதுகிற கை நிற்கிறது. அகப்பை சமைக்கிற சாமானா, பரிமாறுகிற சாமானா? பலாவிலையைக் கோலிக் கூழ் குடித்தால் அந்த இலையைப் பதிவதா, விடுவதா? வாழையிலையும் சோறு உண்ணும் பீங்கான் கோப்பையும் ஒரே வகையா? இணையத்தில் கிடைக்கிற படிவங்கள் பல, கத்தி, முள்ளுக்கரண்டி, கரண்டி என்று மூன்று நிரல்களோடு வருகின்றன. அப்படியொரு படிவத்தோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்து வீடொன்றின் குசினிக்குள் போனால், தேக்கரண்டி நீங்கலாக ஏறக்குறைய எல்லாமே ‘ஏனையவை’ என்ற கடைசி நிரலில் போய் விழும். வீட்டுச் சாமானில் பாதிக்கு மேல் ‘ஏனையவை’க்குள் போகிறதென்றால் படிவத்தை மாற்றவேண்டும்.

முதன்முதலாகப் பதிவில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். ஒரு வீட்டில் முப்பது நாற்பது சாமான்கள் இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து இரண்டு நாளில் முடிக்கலாம். ஒருவர் எடுத்து அளக்க, மற்றவர் எழுதவேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் அளவு பிழைக்கும், சாமானில் கட்டும் பதிவுத் துண்டு மாறும்.

பிற இடங்களில் எந்தக் கேள்வியால் பிரிக்கிறார்கள்

நம் வீட்டில் எதைக் கேட்கவேண்டும் என்பது மற்றவர்கள் எதைக் கேட்டுப் பிரிக்கிறார்கள் என்று பார்த்தால் விளங்கும். அதனால் வீட்டு வாசலுக்குப் போகுமுன் இந்தப் பகுதியை வாசித்துவிடுங்கள்.

ஆங்கிலேயர் வழியில் முதற்கேள்வி, சாமான் உணவை என்ன செய்கிறது என்பது. வெட்டுவது கத்தி, குத்துவது முள்ளுக்கரண்டி, அள்ளுவது கரண்டி. வாணிபத்தில் இன்னொரு பிரிப்பும் உண்டு: கரண்டி போன்ற தட்டையானவை ஒரு பக்கம், கூசா, கேத்தல் போன்ற குழிவானவை மறுபக்கம். இந்த இரண்டு பிரிப்பிலும் சாப்பாடு கிடக்கிற கோப்பை வேறு குடும்பத்துக்குப் போய்விடுகிறது.

சுங்கத் திணைக்களங்கள் பயன்படுத்தும் உலகப் பொதுவான எச்.எஸ். குறியீட்டு முறை பெரும்பாலும் எந்த மூலப்பொருளால் ஆனது என்று கேட்கிறது. பீங்கான் என்றால் 6911, கண்ணாடி என்றால் 7013, பிளாஸ்டிக் என்றால் 3924, மரம் மூங்கில் என்றால் 4419. ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிற கத்தியும் கரண்டியும்கூட இதில் பிரிந்துபோகின்றன: கத்தி 8211இல், கரண்டியும் முள்ளுக்கரண்டியும் 8215இல். ஆனால் கத்திகளும், குறைந்தது அதே எண்ணிக்கைக் கரண்டிகளும் ஒரு தொகுதியாகப் பெட்டியில் வந்தால் எல்லாம் சேர்ந்து 8215க்குப் போகும். ‘தொகுதி’ என்பதே ஒரு வகை என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

கொரியாவில் கரண்டியும் உண்குச்சியும் சேர்ந்து ‘சுஜோ’ என்று ஒரே சொல்லால் அழைக்கப்படுகின்றன. இரண்டும் உலோகம். சோற்றுக்கும் சூப்புக்கும் கரண்டி, பக்கக் கறிகளுக்குக் குச்சி. சோற்றுக் கிண்ணத்தை மேசையிலிருந்து தூக்குவது அங்கே பழக்கமில்லை. யப்பானில் கிண்ணத்தைக் கையில் தூக்கி வாய்க்கருகே கொண்டுபோவார்கள், குச்சி போதும். அங்கே முதற்கேள்வி ‘யாருடையது’. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் குச்சி, தனிச் சோற்றுக்கிண்ணம். ஆண்களுக்கு ஏறத்தாழ 23 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 21 என்று நீளமும் வேறு. பொதுக் கிண்ணத்திலிருந்து எடுக்க வேறு குச்சி, அடுப்பில் கிளற 30 சென்ரிமீற்றருக்கு மேல் நீளமான இன்னொரு குச்சி. வடிவம் ஒன்று, வகை மூன்று. வடிவத்தைப் பார்த்துப் பிரிக்கிறவர் மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டுவிடுவார்.

வகை காலத்தோடும் மாறும். பண்டைச் சீனத்தில் தினைச் சோற்றைக் கரண்டியால் உண்டார்கள். குச்சி சூப்புக்குள் கிடக்கும் காய்கறியை எடுக்க மட்டும். பின்னர்தான் குச்சி சோற்றுக்கு வந்தது. தாய்லாந்தில் வலக்கைக் கரண்டிதான் வாய்க்குப் போகும், இடக்கை முள்ளுக்கரண்டி தள்ளிக் கொடுக்கும் வேலைக்கு. எத்தியோப்பியாவில் இஞ்சேரா என்ற அகன்ற புளித்த ரொட்டியின் மேல் கறிகளை ஊற்றி, அதே ரொட்டியைப் பிய்த்து அள்ளி உண்கிறார்கள். அங்கே கோப்பையும் கரண்டியும் சாப்பாடும் ஒன்றே. ஆர்ஜென்ரீனாவில் மாற்றே இலைப்பானம் குடிக்கும் உலோகக் குழாயின் அடியில் வடி இருக்கிறது. குடிகலமா வடியா என்று ஒரு நிரலில் எழுதமுடியாது.

சட்டங்களும் வகைபிரிக்கின்றன. ஒருமுறை பாவித்தெறியும் பிளாஸ்டிக் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/904 பணிப்புரை, உண்குச்சியைக் கத்தி, கரண்டி, முள்ளுக்கரண்டியோடு ஒரே வகையில் சேர்த்தது. இலங்கையில் 2023 ஒக்ரோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த தடையின் பட்டியலில் உறிஞ்சுகுழாய், கோப்பை, கரண்டி, முள்ளுக்கரண்டி, கத்தி ஆகியவற்றோடு இடியப்பத் தட்டும் இருக்கிறது. இடியப்பத் தட்டு அவிக்கிற சாமான், அதில் வைத்து யாரும் உண்பதில்லை. ஆனாலும் நம் நாட்டில் சாப்பாட்டுச் சாமான் என்று எண்ணினால் அது கண்ணுக்கு முன் வந்து நிற்கிறது. ஐரோப்பியப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

தமிழில் உள்ள பழைய பிரிப்பு கருவியைப் பற்றியதே அல்ல. உண்பன, தின்பன, நக்குவன, பருகுவன என்று உணவை நான்காகப் பிரித்தார்கள். கை கூடவே இருப்பதால் கருவியை எண்ணத் தேவை வரவில்லை. கையால் உண்கிற வீட்டில் சாமான்கள் பெருகுவது பரிமாறும் இடத்திலும் குடிக்கும் இடத்திலும்தான். எங்கள் படிவம் இந்த உண்மையிலிருந்து தொடங்குகிறது.

கொண்டுபோக வேண்டியவை

துணி அளவுநாடா, 30 சென்ரிமீற்றர் அடிமட்டம், 1 கிராம் வரை காட்டும் குசினித் தராசு, சிறிய காந்தம், மெல்லிய தூரிகை, வெள்ளைப் பருத்தித் துணி ஒன்று, 2பி பென்சில், தடித்த மட்டைத் துண்டுகள், பருத்தி நூல், ஒரு லீற்றர் அளவுச்சாடி, அரைக் கிலோ கடுகு அல்லது பாசிப்பயறு. பேனா வேண்டாம். ஈரம் பட்டால் மை ஊறிப் பாத்திரத்தில் ஒட்டும். பசை நாடா அறவே வேண்டாம். பித்தளையில் ஒட்டிய பசை ஆறு மாதத்தில் கறையாகிவிடும், ஓலையில் ஒட்டினால் உரிக்கும்போது ஓலையும் சேர்ந்து வரும்.

படி 1: எடுக்குமுன் இடத்தைக் குறியுங்கள்

சாமானைத் தொடுமுன் அது இருந்த இடத்தைப் படம் எடுத்து எழுதுங்கள்: குசினிப் புகட்டில், சாமியறையில், விறாந்தை அலுமாரியில், கிணற்றடியில். ஒரே அளவுச் செம்பு சாமியறையில் இருந்தால் வேறு, கிணற்றடியில் இருந்தால் வேறு. எல்லாவற்றையும் முற்றத்தில் அள்ளிப் பரப்பிவிட்டுத் தொடங்குவதுதான் புதியவர்கள் விடுகிற முதற்பிழை. பரப்பிய பிறகு அந்தத் தகவல் திரும்பி வராது.

கழுவவும் வேண்டாம். வீட்டுக்காரர் அன்போடு புளியும் சாம்பலும் போட்டு மினுக்கித் தர வருவார்கள். பதிந்த பிறகு மினுக்கலாம் என்று சொல்லி நிறுத்துங்கள். உட்புற ஈயப்பூச்சின் (வெள்ளீயப் பூச்சின்) எச்சம், அடியிலுள்ள புகைக்கரி, விளிம்பில் படிந்த கறை எல்லாமே அந்தச் சாமான் அடுப்பில் இருந்ததா, பந்தியில் இருந்ததா என்று சொல்லும் சாட்சிகள். தூசியைத் தூரிகையால் தட்டினால் போதும்.

1995 ஒக்ரோபர் 30இல் போரால் வலிகாமத்திலிருந்து நடந்த பெரிய இடப்பெயர்வை இங்கே மறக்கக்கூடாது. இன்று ஒரு வீட்டில் இருக்கும் ஏனம் அந்த வீட்டுக்கே உரியதாக இருக்கவேண்டும் என்றில்லை. கொண்டுபோய்க் கொண்டுவந்ததா, திரும்பி வந்த பிறகு வாங்கியதா, உறவினர் தந்ததா என்று ஒரு வரி கேட்டு எழுதுங்கள். கேட்கும்போது மெதுவாகக் கேளுங்கள். சிலருக்கு அந்தப் பேச்சு சாமானோடு நிற்காது.

படி 2: பெயரை வீட்டுக்காரர் வாயிலிருந்து எடுங்கள்

பெயர் நிரலில் மூன்று வரி விடுங்கள்: வீட்டில் சொல்லும் பெயர், பொதுவாக விளங்கும் பெயர், ஒரு வரி விளக்கம். மூன்றாவது வரி இல்லாவிட்டால் பதிவு ஊர் எல்லையைத் தாண்டாது.

எடுத்துக்காட்டு ‘கோப்பை’. யாழ்ப்பாணத்தில் கோப்பையில் சோறு சாப்பிடுகிறோம், தமிழ்நாட்டில் கோப்பையில் தேநீர் குடிக்கிறார்கள். ‘வெள்ளைப் பீங்கான் கோப்பை’ என்று மட்டும் எழுதிய துண்டைச் சென்னையில் வாசிக்கிறவர் கைபிடி வைத்த ஒரு குடிகலத்தை நினைத்துக்கொள்வார். ‘உண்ணும் தட்டையான கோப்பை, விட்டம் இவ்வளவு’ என்று எழுதுங்கள். ‘பேணி’யும் இப்படித்தான். குடிக்கும் பேணி, பால்மாப் பேணி, தகரப்பேணி எல்லாம் நமக்கு ஒரே சொல், வெளியே அந்தச் சொல்லே விளங்காது. ‘பீங்கான்’ சில வீடுகளில் மூலப்பொருளின் பெயர், சில வீடுகளில் கோப்பையின் பெயர். மலாய் மொழியில் கோப்பைக்குப் ‘பிங்கான்’ என்றே பெயர் என்பதால் இரண்டாவது வழக்கைப் பிழை என்று திருத்தவேண்டாம்.

தெரியாத பெயருக்கு அகராதியிலிருந்து ஒரு சொல்லைத் தேடிப் போடாதீர்கள். உண்கலத்துக்கு வட்டில் என்பது அழகான சொல்தான். வீட்டில் யாரும் அப்படிச் சொல்லாதபோது துண்டில் அப்படி எழுதினால், நாளை படிப்பவர் யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல் வழங்கியது என்று நம்பிவிடுவார்.

படி 3: ஐந்து கேள்விகள்

வேலையின் நடுமையம் இதுதான். ஒவ்வொரு சாமானுக்கும் கீழே உள்ள ஐந்தையும் இதே வரிசையில் கேளுங்கள்.

முதலாவது: இது வாயில் படுகிறதா? எச்சில் என்ற எண்ணம் நம் வீடுகளில் வேறெந்தப் பிரிப்பையும்விட ஆழமானது. தேக்கரண்டி வாயில் படும், பரிமாறும் கரண்டி படாது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் தானே கறி எடுக்கவேண்டுமென்றால் எச்சில் கையை விட்டு இடக்கையால் கரண்டியைப் பிடிப்பார். மூக்குப்பேணி என்ற சாமானே இந்தக் கேள்விக்குப் பிறந்த பதில். பக்கத்தில் நீட்டிய மூக்கு வழியாக அண்ணாந்து வாய்க்குள் வார்க்கலாம், உதடு படவேண்டியதில்லை. அதைக் ‘கூசா’ என்றோ ‘குவளை’ என்றோ எழுதினால் அதன் வேலையே மறைந்துவிடும். செம்பும் சில வேளைகளில் இதே வேலையைச் செய்யும்.

இரண்டாவது: சாப்பாடு இதில் கிடக்கிறதா, இதனூடாகப் போகிறதா? கோப்பை, வாழையிலை, பனையோலைத் தட்டுவம் ஆகியவை கிடக்கிற இடங்கள். கரண்டி, அகப்பை வழிகள். ஓலையை மடித்துத் தோணிபோல் கட்டிய பிளா இரண்டுமாக இருக்கும்: கூழ் அதில் கிடக்கவும் செய்கிறது, அதிலிருந்து நேரே வாய்க்கும் போகிறது. பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழ் இன்னும் சிக்கல். குழம்பைக் குடிப்பார்கள், உள்ளே கிடக்கும் நண்டையும் மீனையும் பலாக்கொட்டையையும் விரலால் எடுத்துத் தின்பார்கள். பருகுவதும் தின்பதும் ஒரே கலத்தில் நடப்பதால் ‘குடிகலம்’ என்று ஒரு சொல்லில் முடிக்காமல் ‘குடிக்கவும் எடுத்துத் தின்னவும்’ என்று எழுதுங்கள்.

மூன்றாவது: அடுப்படியா, பந்தியா, கையா? சமைக்க, பரிமாற, உண்ண என்று மூன்று கட்டங்கள். ஒரு அகப்பை முதலிரண்டிலும் ஓடித்திரியும். விளிம்பைப் பார்த்தால் கொஞ்சம் தெரியும்: சட்டியின் அடியைச் சுரண்டிய அகப்பையின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து சரிந்திருக்கும், பரிமாற மட்டும் எடுத்ததன் விளிம்பு சுற்றிவர ஒரே தடிப்பில் இருக்கும். இரண்டு கட்டத்திலும் பயன்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்று கேட்கும் படிவத்தை நம்பாதீர்கள்.

நான்காவது: யாருக்குரியது? வீட்டில் எல்லாருக்கும் பொதுவா, ஒருவருக்கு மட்டுமா, விருந்தினருக்கென்று அலுமாரியில் வைத்ததா, சாமிக்கா, அந்திரட்டி திவசத்துக்கா, பிள்ளைக்குப் பால் பருக்குவதற்கா? யப்பானியர் தனிக்கிண்ணத்தைப் போல நம் வீடுகளிலும் ‘அப்புவின் கோப்பை’ என்று ஒன்று இருக்கும், பெயர் எழுதியிருக்காது. கேட்டால்தான் தெரியும். இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைப் படி 6இல் தனியாக எடுக்கிறோம்.

ஐந்தாவது: சாப்பிட்டு முடிந்ததும் இதற்கு என்ன நடக்கிறது? கழுவி வைப்பதா, எறிவதா, மாட்டுக்குப் போடுவதா? வாழையிலையை உண்கலன் பட்டியலில் சேர்ப்பதா என்ற குழப்பம் இங்கே தீரும். ‘ஒருவேளைக் கலம், பின் மாட்டுக்கு’ என்று எழுதினால் அது கோப்பையோடு ஒரே குடும்பத்திலும் நிற்கும், வேறாகவும் தெரியும். இலை போடும்போது நுனி உண்பவரின் இடப்பக்கம் வரவேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கிடக்கும் முறையும் கலத்தின் பகுதிதான்.

சாப்பாட்டுக் கடைகளில் கோப்பைக்கு மேல் விரிக்கும் மெல்லிய தாளான லஞ்சீற்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதை விடவேண்டாம். சோறு படுவது அதில், தாங்குவது கோப்பை. எறிவது ஒன்று, திரும்பப் பாவிப்பது மற்றது. இரண்டு துண்டுகள் எழுதி ‘தொகுதி’ என்று இணையுங்கள். சொதி தோய்த்து அள்ளும் பாண் துண்டுக்குப் பதிவுத் துண்டு வேண்டாம், அது உணவு. ஆனால் கோப்பையின் பதிவில் ‘பாணால் அள்ளி உண்ணல்’ என்று ஒரு சொல் இருக்கட்டும்.

படி 4: எதனால் ஆனது

காந்தத்தை வையுங்கள். இரும்பும், இரும்பின் மேல் பூச்சிட்ட எனாமல் கோப்பையும் இழுக்கும். பித்தளை, வெண்கலம், செம்பு, வெள்ளி, அலுமினியம் இழுக்காது. எவர்சில்வர் சில இழுக்கும், சில இழுக்காது. நிக்கல் கலந்த நல்ல ரகம் பொதுவாக இழுக்காது. ஆகவே காந்தம் இழுக்கவில்லை என்பதற்காக எவர்சில்வர் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அலுமினியத்தைக் கையின் பாரத்தாலேயே பிடிக்கலாம். ஒரே பருமனுள்ள உருக்கின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும்.

பித்தளையும் வெண்கலமும் புதியவர்களைக் கட்டாயம் ஏமாற்றும். பித்தளை செம்பும் நாகமும் சேர்ந்தது, வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. எடையால் பிரிக்கமுடியாது, இரண்டின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றே. விரல் நுனியில் தொங்கவிட்டு நகத்தால் மெல்லத் தட்டுங்கள். வெண்கலம் நீள ஒலிக்கும், பித்தளையின் ஒலி சீக்கிரம் அடங்கும். வெடிப்பு இருந்தால் வெண்கலமும் அடைத்த ஒலிதான் தரும், அதனால் முதலில் வெடிப்பைத் தேடுங்கள். உறுதியில்லை என்றால் ‘செம்புக் கலப்பு உலோகம்’ என்று எழுதுவதே நேர்மை.

பித்தளை ஏனத்தின் உட்புறம் வெண்சாம்பல் நிறத்தில் இருந்தால் அது ஈயப்பூச்சு. புளி, தேசிக்காய் பட்டால் பித்தளை களிம்பேறிக் கறி கெடும் என்பதால் பூசினார்கள். பூச்சு தேய்ந்த ஏனத்தை அளந்து பதியலாம், புளிக்கறி வைத்துப் பார்க்கக்கூடாது. வெடித்த எனாமல் கோப்பையிலும் உண்ணவேண்டாம், சில்லு உதிர்ந்து சோற்றோடு போகும்.

சிரட்டையில் கண் உள்ள பாதியா, கண்ணில்லாத பாதியா என்று குறியுங்கள். மூன்று கண்ணில் ஒன்று மெல்லியது, அதனூடாக ஒழுகும். அதனால்தான் அகப்பைக்குக் கண்ணில்லாத பாதியை எடுப்பார்கள்.

படி 5: அளவும் எழுத்தும்

வாய் விட்டம், அடி விட்டம், உயரம், எடை நான்கும் போதும். மூக்குப்பேணிக்கு மூக்கின் நீளமும் மூக்கு நுனியின் துளை விட்டமும் வேண்டும், அதைக்கொண்டுதான் எவ்வளவு மெல்லிசாக வார்க்கும் என்று தெரியும். கொள்ளளவுக்கு வெறும் ஏனத்தை நிறுத்து, தண்ணீர் விட்டு மறுபடி நிறுங்கள். ஒரு கிராம் கூடினால் ஒரு மில்லிலீற்றர். விளிம்புமட்டம் நிரப்பியதா, வழக்கமாக ஊற்றுகிற மட்டமா என்பதை எழுதாமல் விட்டால் அந்த எண் பயனற்றது. ஓலைக்கும் சிரட்டைக்கும் தண்ணீர் வேண்டாம். கடுகை நிரப்பி, பிறகு அளவுச்சாடியில் கொட்டிப் பாருங்கள்.

கலியாண வீட்டுக்கு இரவல் போய்வருகிற ஏனங்களில் புள்ளிபுள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள். ரோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் தெரியும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சரித்துத் தேய்த்துப் பிரதி எடுங்கள். அந்த எழுத்து இன்றைய உரிமையாளருடையதாக இருக்காது என்பதை நினைவில் வையுங்கள்; சீதனமாக வந்த ஏனத்தில் பெண்ணின் தகப்பனாரின் முதலெழுத்து இருக்கலாம். படத்தில் அடிமட்டம் கட்டாயம் தெரியவேண்டும், பின்னால் வெள்ளைத் துணி.

படி 6: யாருக்குக் கொடுக்கவில்லை

சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு யாழ்ப்பாணத்து வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் தனிப் பேணி, சிரட்டை, போத்தல் என்று வேறு கலம் கொடுத்த கொடுமையை விட்டுவிட்டு உண்கலன் பட்டியல் எழுதமுடியாது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் அது தொடர்ந்தது. 1966 ஒக்ரோபர் 21இல் தொடங்கித் தீண்டாமைக்கு எதிராக எழுந்த போராட்டங்களில் தேநீர்க் கடைக்குள் சமமாக இருந்து சமமான கலத்தில் குடிக்கும் உரிமையும் ஒரு கோரிக்கை.

பதிவுக்கு இதில் ஒரு நேரடி விளைவு உண்டு. ஒரு சிரட்டையைக் கையில் எடுத்தால் அது கூழ் குடிக்க எல்லாரும் விரும்பி எடுத்த சிரட்டையா, வேலிக்கு வெளியே நின்றவருக்கு நீட்டிய சிரட்டையா என்று வடிவத்தில் தெரியாது. பொருள் ஒன்று, அளவு ஒன்று, வகை வேறு. ஆகவே ‘யாருக்கு’ என்ற நிரலோடு ‘யாருக்குக் கொடுக்கவில்லை’ என்ற நிரலையும் போடுங்கள். மூக்குப்பேணிக்கும் அதே கேள்வி பொருந்தும். இதை வீட்டில் விருந்தினர் இருக்கும்போது கேட்கவேண்டாம். கொடுத்த பக்கத்தில் மட்டும் கேட்டு முடிக்கவும் வேண்டாம், வாங்கிக் குடித்தவர்களின் வாயாலும் கேட்டு இரண்டையும் பதியுங்கள். பெயர்களை எழுதாமல் ஊரையும் அண்ணளவான காலத்தையும் எழுதினால் போதும். வீட்டுக்காரர் மறுத்தால் ‘கேட்கப்பட்டது, பதில் இல்லை’ என்று எழுதுங்கள். நிரலை வெறுமையாக விட்டால் கேட்கவே இல்லை என்று ஆகிவிடும்.

படி 7: எறிந்துபோகும் கலங்கள்

இலைக்கலங்களை வைத்துப் பேணுவது கடினம். செய்யும் முறையைப் பதிவதே நல்ல வழி. தெரிந்த பெரியவர் ஒருவரைக் கொண்டு மெதுவாகச் செய்வித்து, ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு படம் எடுங்கள்.

கூழுக்குப் பலாவிலை கோலுவதற்கு அகன்ற, முற்றிய, ஓட்டையில்லாத இலை வேண்டும். தளிர் வளையும், ஆனால் சூடான கூழ் பட்டதும் துவண்டுவிடும். முழுக்கக் காய்ந்தது மடிக்கையில் நடுநரம்போடு வெடிக்கும். ஈரத்துணியால் துடைத்து, இரு பக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கூம்பாகச் சுருட்டி, ஏறிய இடத்தில் ஈர்க்கால் குத்தி இழுத்துக் கோர்க்கவேண்டும். ஈர்க்கு நடுநரம்புக்குக் குறுக்கே போனால் பிடிக்கும், நரம்போடு ஒத்துப் போனால் இலை கிழியும். ஒழுகினால் காரணம் பெரும்பாலும் கூம்பின் நுனி: ஏற்றிய மடிப்பு ஒரு விரற்கடை அகலமாவது இருக்கவேண்டும்.

பிளாவுக்குப் பச்சை ஓலை. மடித்து இரு முனையையும் கட்டித் தோணி வடிவாக்குவார்கள். காய்ந்த பிளா அகலம் சுருங்கும், ஆகையால் செய்த அன்றே அளந்துவிடுங்கள். ஒரு கிழமை கழித்து அளந்தவர் வேறொரு அளவை எழுதுவார், இரண்டும் சரியாகத்தான் இருக்கும்.

படி 8: எண்ணும் இருப்பும்

ஆண்டு, வீடு, சாமான் என்று மூன்று எண் போதும்: 2025.4.17 என்றால் அந்த ஆண்டில் நான்காவது வீட்டின் பதினேழாவது சாமான். மட்டைத் துண்டில் பென்சிலால் எழுதிப் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். மூடியும் பாத்திரமும் ஒரே எண்ணில் அ, ஆ என்று பிரியவேண்டும். மூடிக்குத் தனியெண் கொடுத்தால் ஓராண்டுக்குள் இரண்டும் வேறு அலுமாரிக்குப் போய்விடும்.

மாரி வருமுன் ஓலைச் சாமான்களைப் பாருங்கள். அடியில் மஞ்சள் தூள்போல் உதிர்ந்திருந்தால் பூச்சி. பொலித்தீன் பையில் காற்றைப் பிழிந்து கட்டி, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் −18 பாகை செல்சியசில் இரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் விட்டு, பையின் வெளிப்புறத்து வியர்வை காய்ந்த பிறகு அவிழுங்கள். உடனே திறந்தால் ஈரம் ஓலையில் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். உறைபகுதியில்லாத இடத்தில் வெயிலில் போடுகிறார்கள், ஓலை நிறம் வெளிறி முறிகிறது.

நிரப்பிய துண்டொன்று இப்படி இருக்கும்: ‘2025.4.17. வீட்டில்: மூக்குப்பேணி. பொது: மூக்குள்ள குடிகலம். விளக்கம்: அண்ணாந்து வார்த்துக் குடிப்பது. வாயில் படாது. கிடக்கவும் வழியாகவும். பந்தி. விருந்தினருக்கு; யாருக்குக் கொடுக்கவில்லை: கேட்கப்பட்டது, பதில் இல்லை. கழுவி விறாந்தை அலுமாரியில். செம்புக் கலப்பு உலோகம், உள்ளே ஈயப்பூச்சின் எச்சம். இடப்பெயர்வுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது.’ அளவுகள் பின்பக்கத்தில். ஒரு துண்டை எழுதி முடிக்கப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். முதல் ஐந்துக்கு அரை மணித்தியாலம் போனாலும் அவசரப்படவேண்டாம்.